முடிவு சொல்லாத பல் டொக்டர்

அவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்களில் அநேகமாக ஒருவருக்கும் எந்தக் கதையின் முடிவும் தெரியாது. இப்படிப்பட்டவர்கள் கொழும்பு வெள்ளவத்தையில் இன்றைக்கும் நிறையப் பேர் நடமாடுகிறார்கள். கல்யாண வீட்டில் பக்கத்துக் கதிரைக்காரர் வாயைத் திறந்து சிரிக்கும்போது கடைவாயில் ஒரு வெள்ளி அடைப்புப் பளிச்சிட்டால், நான் மெதுவாகச் சாய்ந்து, உங்களுக்கு எதுவரை சொன்னவ என்று கேட்பேன். அவர் வடையைக் கீழே வைத்துவிட்டு முழுதாக என் பக்கம் திரும்புவார். சமையல்காரி குசினிக் கதவைப் பூட்டினதுவரை என்பார். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்ப்பதில்லை.

கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், கருவாடும் விற்கிற பலசரக்குக் கடை ஒன்றின் மேல்மாடியில் அவருடைய கிளினிக் இருந்தது. படியேறும்போது கீழேயிருந்து கருவாட்டு வாசமும் மேலேயிருந்து கராம்பு எண்ணெய் வாசமும் வரும். உள்ளே கதிரையில் சாய்ந்தால் கண் சீலிங்குக்குத்தான் போகும். மற்றப் பல் டொக்டர்மார் அந்த இடத்தில் நுவரெலியா நீர்வீழ்ச்சியோ மீன்தொட்டியோ ஒட்டியிருப்பார்கள். இவர் ஒட்டியிருந்தது படக்கதை. பெரிதாக்கிப் பிரதி எடுத்த கறுப்பு வெள்ளைப் பக்கங்கள். மீசையும் தொப்பியுமாக ஆட்கள், ஆற்றில் ஒரு நீராவிக் கப்பல், கையில் விளக்கோடு ஒரு பெண். ஒவ்வொருவர் வாய்க்குப் பக்கத்திலும் ஒரு குமிழ், குமிழுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு எழுத்துகள், எழுத்துகளுக்கு மேல் சரிந்த கோடுகள். அது ஹங்கேரிப் பாஷை. அந்த ஒழுங்கையில் அதை வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால், கதையின் முழு அதிகாரமும் அவர் கையில் இருந்தது.

அவர் பல் வைத்தியம் படித்தது புடாபெஸ்டில். அங்கே சோசலிச ஆட்சி இருந்த காலம் அது. அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்தில் ஒரு கட்சிக்காரர், சாமியறையில் சாமிகளை இறக்கிவிட்டுத் தாடிக்காரர்களை மாட்டியவர். கட்சி மூலமாகப் புலமைப்பரிசில் ஒன்று வந்தபோது, மகள் போய்ப் புரட்சியைக் கண்ணால் பார்த்துவிட்டு வரட்டும் என்று அனுப்பிவைத்தார். படிப்பு முடிந்து மகள் தூக்க முடியாத ஒரு சூட்கேசோடு வந்து இறங்கினார். தோழர்கள் எல்லாரும் சுற்றி நிற்க, தகப்பன் பெருமையோடு அதைத் திறந்தார். தத்துவ நூல்கள் தொகுதி தொகுதியாக இருக்கும் என்று நினைத்தவரின் கண்ணில் முதலில் பட்டது, ஒரு கடற்கொள்ளைக்காரன் ஒரு சீமாட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிற படம். பிறகு என்ன நடந்தது என்று கேட்டால், "அப்பா சூட்கேசை மூடினார். தோழர்மாரைத் திரும்பிப் பாத்தார். பாத்துப்போட்டு..." என்பார் டொக்டர். அந்த இடத்தில் பல் குடைகிற மிஷினைப் போட்டுவிடுவார்.

அவருடைய குணமே அதுதான். எந்தக் கதையையும் கொண்டுபோய் ஓர் உச்சியில் நிறுத்திவிட்டு, வாயைக் கொப்புளியுங்கோ என்பார். கோயிலில் கண்டாலும் அப்படித்தான், மீன்கடையில் கண்டாலும் அப்படித்தான். பக்கத்து பிளாட்டில் பொலிஸ் வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்து, கதவைத் தட்டினார்கள் என்றதும் பாரை மீனை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். எனக்கு இது பெரிய வதை. நான் ஒரு நாவலை வாங்கினால் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் படிப்பேன். யார் சாகிறார், யார் தப்புகிறார் என்று தெரிந்துகொண்டால்தான் முதல் பக்கத்துக்கு வர மனம் வரும். நான் வேலை செய்ததும் ஒரு காப்புறுதிக் கொம்பனியில். அங்கே எல்லாவற்றுக்கும் முடிவு முதலில் வரும், கதை பிறகுதான் வரும்.

படக்கதை அந்த நாட்டில் எப்படித் தப்பியது என்பதை மட்டும் அவர் துண்டு துண்டாக என்றாலும் எல்லாருக்கும் சொல்லியிருந்தார். ஆரம்பத்தில் அங்கே படக்கதை என்றாலே ஆகாது. அது பிள்ளைகளின் மூளையைக் கெடுக்க மேற்கத்திய முதலாளிமார் அனுப்பிவைக்கிற குப்பை என்று மேலிடம் தீர்மானித்திருந்தது. நன்றாகப் படம் கீறத் தெரிந்தவர்கள் வேலையில்லாமல் பாடப்புத்தகத்துக்கு மாடும் கலப்பையும் கீறிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் புதிர்ச் சஞ்சிகை நடத்திய சிலருக்கு ஒரு புத்தி வந்தது. புதுக் கதை கீறினால்தானே குப்பை? பெரிய எழுத்தாளர்களின் நாவல்களையே படமாகக் கீறினால்? நாவல் இலக்கியம், இலக்கியத்தை யார் குப்பை என்று சொல்ல முடியும்? குறுக்கெழுத்துப் போட்டிகளுக்கு நடுவில் கிழமைக்கு ஒரு துண்டாகக் கதைகள் வரத் தொடங்கின. இலக்கியம்தான் என்று காட்டுவதற்காக நாவலின் வசனங்களை அள்ளி அள்ளிக் குமிழ்களுக்குள் திணித்தார்கள். சில படங்களில் வசனம் நிறைந்துபோய்ப் பேசுகிற ஆளின் தலைக்கு இடமிருக்காது.

சஞ்சிகை வருகிற நாளில் விடியவே பெட்டிக்கடைகளில் வரிசை நிற்குமாம். வரிசையில் பேராசிரியர் இருப்பார், பொலிஸ்காரர் இருப்பார். எதற்கு என்று கேட்டால் அத்தனை பேரும் குறுக்கெழுத்துக்கு என்பார்களாம். மாணவர் விடுதியில் ஒரு பிரதி வாங்கினால் மாடி முழுக்கச் சுற்றும். டொக்டர் அந்தப் பாஷையைப் பிடித்தது வகுப்பிலிருந்து இல்லை, அந்தக் குமிழ்களிலிருந்து. அதனால் வாய்மூலப் பரீட்சையில் ஒரு வயதான பேராசிரியர் கடைவாய்ப் பல்லின் வேர்களைப் பற்றிக் கேட்க, இவர் நிமிர்ந்து நின்று, "கேளும் பிரபுவே, மறைக்க என்னிடம் ஏதுமில்லை" என்று தொடங்கினாராம். பரீட்சையில் தேறினாரா என்று நான் கேட்டேன். அவர் என் வாயில் பஞ்சை வைத்தார்.

இதில் அவருக்கு விளையாட்டு மட்டும் இல்லை, தொழிலும் இருந்தது. வேர் வைத்தியத்துக்கு மூன்று நாலு முறை வரவேண்டும். எங்கள் சனம் முதல் முறை வலி நின்றதும் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. பல் உள்ளுக்குள் அழுகி முகம் வீங்கிய பிறகுதான் ஓடிவரும். இவரிடம் மட்டும் அநேகமாக ஒருவரும் தவணை தவறமாட்டார்கள். சிங்களவர் வந்தால் சிங்களத்தில் சொல்வார், கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற கடைக்காரர்களுக்கு அவர்களுடைய தமிழில் சொல்வார். நடுவில் திடீரென்று மிஷினை நிறுத்தி, இப்ப கப்பலில் ஆர் கள்ளன் எண்டு நினைக்கிறியள் என்று கேட்பார். வாய்க்குள் கண்ணாடியும் எச்சில் உறிஞ்சுகிற குழாயும் கிடக்க, நோயாளி "ஆ" என்பார். "நானும் அப்படித்தான் நினைச்சன்" என்று அவர் கதையைத் தொடர்வார். கீழே கடலோர ரயில் போகும்போது கட்டடம் லேசாக ஆடும், அப்போது மட்டும் கதையும் மிஷினும் சேர்ந்து நிற்கும்.

அவர் கல்யாணம் கட்டினவரா இல்லையா என்பதும் ஊருக்குத் தெளிவில்லை. புடாபெஸ்டில் படம் கீறுகிற ஒருவன் இருந்தான் என்பது சிலருக்குத் தெரியும். அவன் ரயில் நிலையத்துக்கு வந்தான் என்பது வேறு சிலருக்குத் தெரியும். ரயில் வெளிக்கிட்டபோது அவன் மேடையில் நின்றானா, பெட்டியில் ஏறினானா என்பதுவரை பல் அடைத்தவர் எவரும் இல்லை. கொரோனாக் காலத்தில் கிளினிக் பூட்டியது, பிறகு திறக்கவில்லை. ரொறன்ரோவில் தங்கையோடு இருக்கிறார் என்கிறார்கள், திரும்ப அந்த நாட்டுக்கே போய்விட்டார் என்கிறார்கள். மாடியில் இப்போது கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். தன் கதையையும் அவர் இப்படித்தான் விட்டுவிட்டுப் போவார் என்று நாங்கள் யாராவது முன்பே யோசித்திருக்கவேண்டும்.

கிளினிக் இருந்த காலத்தில் ஒருமுறை அவருக்கே ஆபத்து வந்தது. அவருடைய உதவியாளர் களனியிலிருந்து வருகிற ஒரு சிங்களப் பெண். இதை எனக்குச் சொன்னது அவள்தான். வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், முறுக்கைக் கடித்துப் பல் உடைந்து மேலே வந்தார். கதிரையில் சாய்ந்தவர் சீலிங்கைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாராம். புடாபெஸ்ட்காரர். அவருடைய தாத்தா இதே பக்கங்களைக் கத்தரித்துக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தவராம். இன்றைக்கு அந்தப் பக்கங்களைக் கண்ணாடி போட்டுக் காட்சிக்கு வைக்கிறார்கள், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறார்கள், பழைய இதழ் ஒன்றுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அடிபிடி என்று அவர் இங்கிலிசில் சொல்லச் சொல்ல டொக்டரின் முகம் பூரித்துக்கொண்டே போனதாம். பிறகு அந்த மனிதர் கப்பல் கதையைக் கைகாட்டி, கடைசியில் என்ன நடக்கும் என்று தன் பாஷைக்கு மாறி உற்சாகமாகத் தொடங்கியிருக்கிறார். வெளியே இருந்த நோயாளிகளுக்கு அந்தப் பாஷையில் ஒரு சொல் விளங்காது. ஆனாலும் டொக்டர் பாய்ந்து அவர் வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டார். பல்லைக் கட்டி முடிக்கும்வரை எடுக்கவேயில்லையாம்.

இனி என் அப்பாவுக்கு வருகிறேன். அப்பா ரயில்வேயில் கார்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், பாதி வாழ்க்கையைத் தெமட்டகொடை ரயில் யார்டில் கழித்தவர். அம்மா போன பிறகு வெள்ளவத்தையில் என்னோடு இருந்தார். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிக்கொண்டு வந்தது. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் மூச்சு வாங்கும். வால்வை மாற்றவேண்டும், மாற்றாவிட்டால் அதிக காலம் தாங்காது என்று பெரிய டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். சொத்தைப் பல்லிலிருக்கிற கிருமி இரத்தத்தில் கலந்தால் புது வால்வில் போய்க் குந்திவிடும். வாய் சுத்தம் என்று பல் டொக்டரின் கடிதம் வந்தால்தான் ஒப்பரேஷன்.

அப்பாவின் வாயில் கடைவாய்ப் பற்கள் சில அழுகிக் கிடந்தன. அவரோ இளம் வயதில் ஓர் ஆஸ்பத்திரியில் விறைக்கிற ஊசி பிடிப்பதற்குள் பல்லைப் பிடுங்கக் கொடுத்துவிட்டு, இனிச் செத்தாலும் பல் டொக்டருக்கு வாய் திறப்பதில்லை என்று சபதம் எடுத்தவர். முதலில் கூட்டிப்போன டொக்டரின் விரலைக் கடித்தார். இரண்டாவது டொக்டர் கையுறை போடுவதற்குள் லிப்டில் ஏறிக் கீழே போய்விட்டார். மூச்சு வாங்க வாசலில் குந்தியிருந்தவரைப் பார்க்க எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. நெஞ்சை வெட்டித் திறக்கச் சம்மதித்த மனுசன் வாயைத் திறக்கச் சம்மதிக்கவில்லை. வேறு வழியில்லாமல்தான் அவரைக் கருவாட்டுக் கடை மாடிக்குக் கூட்டிப்போனேன். படியில் நின்று நின்றுதான் ஏறினார்.

கதிரையில் அப்பா உதட்டை இறுக்கிக்கொண்டு சாய்ந்தார். டொக்டர் வாயைத் திற என்று சொல்லவேயில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, உந்தக் கப்பலைப் பாருங்கோ அண்ணை என்று தொடங்கினார். ஆற்றில் போகிற கப்பல். கப்டனிடம் பூட்டிய இரும்புப் பெட்டி ஒன்று. ஆறு முடிகிற ஊரில் அதை ஒப்படைக்கவேண்டும், வழியில் திறப்பதில்லை என்று சத்தியம். அந்தப் பெட்டிக்காக காணிப் பத்திரம் எழுதுகிற ஒரு ஒற்றைக்கண் நொத்தாரிசு துரத்துகிறான். கப்பலில் சமையல்காரி என்று ஏறியவளுக்கு வெங்காயம் உரிக்கத் தெரியவில்லை. நொத்தாரிசு கத்தியோடு கப்டனின் அறைக்குள் நுழைகிறான், விளக்கு அணைகிறது. டொக்டர் அதோடு நிறுத்திவிட்டுத் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பிற..." என்று வாயைத் திறந்தார். கண்ணாடி உள்ளே போய்விட்டது.

"கதை சொல்லுற ஆள் நான். கேக்கிற ஆள் வாயைத் திறந்து வைச்சிருக்கோணும். அதுதான் அண்ணை இஞ்ச சட்டம்" என்றார் டொக்டர்.

கிழமைக்கு ஒரு பல். அன்ரிபயோட்டிக்கை விழுங்கிவிட்டு அப்பா எனக்கு முன்னால் உடுத்து வாசலில் நிற்பார். பல் போன வலியைப் பற்றி வீட்டில் ஒரு சொல் கிடையாது, பேச்செல்லாம் பெட்டியைப் பற்றித்தான். தெமட்டகொடையில் கூட வேலை செய்த பழைய சிங்களக் கூட்டாளிமாருக்குத் தொலைபேசி எடுத்து, கப்டனின் நிலைமையை விளக்கி அபிப்பிராயம் கேட்பார். ஒருவர் தங்கம் என்றார், ஒருவர் பிரேதம் என்றார். யார்டில் பல வருசம் பொதிகளோடு மாரடித்த அப்பா, இரண்டு பேர் தூக்கி ஒரு ஆள் இறக்குகிற நிறையைப் பார்த்தால் அது அரசனின் கிரீடமாகத்தான் இருக்கும் என்று தீர்ப்புச் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்து நாளாகியிருந்தது. டொக்டர் மேல் எனக்குப் பெரிய அன்பு வந்தது அந்தக் கிழமைகளில்தான்.

அந்த அன்பு கடைசிப் பல் வரைக்கும்தான் நின்றது. பல் வந்தது, கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. கதையில் கப்டன் ஆற்றின் முடிவுக்கு வந்து, திறப்பைப் பூட்டில் போட்டுத் திருப்புகிறார். மூடி மெல்ல எழும்புகிறது. டொக்டர் கையுறையைக் கழற்றினார். மிச்சம் ஒப்பரேஷன் முடிஞ்சு வந்து கேளுங்கோ என்றார். அப்பாவின் முகம் சிவந்துவிட்டது, ஆனால் வாயில் பஞ்சு.

அடுத்த நாள் வேலை முடிந்து நான் தனியாகப் போனேன். எனக்குப் பயம், அதை மறைக்கவும் தெரியவில்லை. அந்த ஒப்பரேஷனிலிருந்து எல்லாரும் எழும்பி வருவதில்லை என்று பெரிய டொக்டர் சொல்லியிருந்தார். ஒரு வயதான மனுசன் ஆசைப்பட்டுக் கேட்கிற ஒன்றைக் கேட்காமலே போய்விட்டால் என்ன செய்வது என்று இரவெல்லாம் விழித்துக் கிடந்தேன்.

"டொக்டர், ஆஸ்பத்திரிக்குப் போக முன்னம் அவருக்கு முடிவைச் சொல்லிவிடுங்கோ" என்றேன்.

"ஏன் பிள்ளை?"

"ஏனெண்டு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அதாலதான் சொல்லேல்ல."

எனக்கு ஆத்திரம் வந்தது. அப்படியென்றால் எனக்காவது சொல்லுங்கள், ஏதும் நடந்தால் அவருடைய காதிலாவது சொல்வேன் என்றேன்.  டொக்டர் சிரிக்கவில்லை, கையிலிருந்த ஆயுதங்களை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினார். எனக்குச் சொன்னால் நான் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் தாக்குப்பிடிக்கமாட்டேன், சொல்லிவிடுவேன் என்றார். அது உண்மை. கல்நெஞ்சுக்காரி என்று நான் அவரிடம் நேராகவே சொன்னேன்.

"ஏதும் நடந்தால் வந்து எனக்கு ஏசுங்கோ. இண்டைக்கு வேண்டாம்" என்றார்.

வெளியே உதவியாளர் பெண் எனக்குத் தண்ணீர் தந்தாள். இத்தனை வருசமாகக் கூட நிற்கிறேன், "மங்வத் தன்னே நே மிஸ்" என்றாள். தனக்கும் தெரியாதாம். அவள் குரலிலும் கொஞ்சம் அழுகை இருந்தது.

ஒப்பரேஷனன்று காலை, மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் வந்து, ஏதும் கேட்க இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டார். பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று அப்பா கேட்டார். மயக்க மருந்து டொக்டர் என்னை அறைக்கு வெளியே கூப்பிட்டு, ஐயாவுக்கு எப்போதிலிருந்து இப்படி நினைவு தடுமாறுகிறது என்று கவலையாக விசாரித்தார். நான் கப்பல், கப்டன், நொத்தாரிசு என்று விளக்கத் தொடங்கியதும் அவர் முகம் மாறியது. தானும் வெள்ளவத்தைதான் என்றார். வேர் வைத்தியத்தைப் பாதியில் விட்டதால் சமையல்காரி குசினிக் கதவைப் பூட்டினதுவரைதான் தனக்குத் தெரியும் என்றார். தலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, முடிவு தெரிந்தால் தனக்கும் ஒரு மெசேஜ் போடச் சொன்னார்.

அந்தப் பகல் எப்படிப் போனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கன்ரீனில் ஒரு தேத்தண்ணியை வாங்கி வைத்துக்கொண்டு, ஆடை படியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தைப் புரட்ட முடியாத ஒரு நாளை நான் அதற்கு முன் கண்டதில்லை. எல்லாம் நல்லபடி முடிந்தது என்று பின்னேரம் வந்து சொன்னார்கள். இரண்டு நாள் கழித்துக் குழாயை எடுத்ததும் என்னை உள்ளே விட்டார்கள். அப்பாவின் உதடு அசைந்தது. அம்மாவின் பெயரைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக் காதைக் கிட்டக் கொண்டுபோனேன். "நொத்தாரிசு" என்றார். தாதி பார்த்துக்கொண்டிருக்க, நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கண்ணீரும் வந்துகொண்டிருந்தது.

வெளியே நடக்கலாம் என்று அனுமதி கிடைத்த அன்றைக்கே ஓட்டோவுக்குச் சொல்லிவிட்டார். கருவாட்டுக் கடைப் படியை நில்லாமல் ஏறினார், பின்னால் மூச்சு வாங்கியது எனக்குத்தான். டொக்டர் அவரைக் கண்டதும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து, தோளைத் தொட்டுப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கதிரையில் உட்காருங்கோ அண்ணை என்றார். அன்றைக்கு மட்டும் அவர் எந்த ஆயுதத்தையும் தொடவில்லை. சூட்கேசிலிருந்து பழுத்துப்போன ஓர் இதழை எடுத்துவந்து, விரலால் படம் படமாகத் தொட்டுச் சொன்னார்.

மூடி திறந்தது. உள்ளே விதைக் கோதுமை. கப்டன் அதை ஒரு பிடி அள்ளி உயர்த்திக் காட்டுகிறார். ஊர்ச் சனம் எல்லாம் மண்வெட்டியோடு வந்து கப்பலைச் சூழ்கிறது. அடுத்த படத்தில் வயல், அதற்கடுத்ததில் பள்ளிக்கூடம். கடைசிப் படத்தில் சூரியன்.

 அப்பாவின் வாய் தானாகவே திறந்திருந்தது. பிறகு, "கோதுமையோ?" என்றார்.

"ஓம். விதைக் கோதுமை."

"அப்ப நொத்தாரிசு?"

"அவர் திருந்தி வயலில வேலைக்குச் சேர்ந்திட்டார்."

சமையல்காரி என்ன ஆனாள் என்று அப்பா கேட்கவேயில்லை. அவருக்கு வந்த கோபத்தில், தைத்த நெஞ்சு பிரிந்துவிடுமோ என்று நான் பயந்தேன். ஒரு பெட்டி கோதுமைக்கு எதற்கு இரும்புப் பூட்டு, அதற்காக எத்தனை பேர் வெட்டுப்பட்டார்கள் என்றார். எழுபதுகளின் கோதுமை மாத் தட்டுப்பாட்டில் பாணுக்கு விடிய எழும்பி வரிசையில் நின்றபோதுகூடத் தான் இப்படி ஏமாந்ததில்லை என்றார். ஒப்பரேஷன் அறையில் கத்தி விழ இருந்த ஒவ்வொரு நிமிசமும் கிரீடம் கிரீடம் என்று நினைத்துக்கொண்டுதான் கிடந்தேன் என்றார். கடைசியில் கதிரையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதைக் கேக்கவோ டொக்டர் நான் உயிரோட வந்தனான்?"

டொக்டர் இதழைக் கவனமாக மூடி மடியில் வைத்தார்.

"முன்னமே சொல்லியிருந்தால் வந்திருப்பியளோ, அண்ணை?"

  நான் ஏசியதெல்லாம் நினைவுக்கு வந்து, சீலிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு டொக்டர் ஒரு விளக்கம் சொன்னார். அந்த நாட்டில் நாவலில் உள்ளபடி எதையும் கீறலாம், கொலையும் கீறலாம், காதலும் கீறலாம். கடைசிப் பக்கத்தை மட்டும் மேலே ஒரு கமிட்டிக்குக் காட்டவேண்டும். அங்கே போன பெட்டியில் தங்கம் இருந்தாலும் நஞ்சு இருந்தாலும் திரும்பி வரும்போது கோதுமையாகத்தான் வரும். கோதுமை இல்லாவிட்டால் பள்ளிக்கூடம். வாசிக்கிறவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். முடிவு வருகிற கிழமை மட்டும் பெட்டிக்கடையில் வரிசை இருக்காதாம். அன்றைக்கு விடுதியில் எல்லாரும் கூடி, உண்மையில் பெட்டிக்குள் என்ன இருந்திருக்கும் என்று கதைத்துக்கொண்டிருப்பார்களாம். தன் வாழ்க்கையில் ஆகச் சந்தோசமாக இருந்த நாட்கள் அவைதான் என்றார். அதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை.

"அப்ப நாவலில இருந்தது கோதுமை இல்லையோ?" என்று அப்பா கேட்டார்.

"நாவலில ஏன் கோதுமை?" என்றார் டொக்டர். எழும்பிக் கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே உதவியாளரிடம், அடுத்த ஆளை வரச் சொல்லுங்கோ என்றார்.

ஓட்டோவில் காலி வீதி என்கிற பெருந்தெரு முழுக்க அப்பா பொரிந்துகொண்டு வந்தார். ஊரை ஏமாற்றுகிற மனுசி, இனி அந்தப் படியை மிதிப்பதில்லை, பிடுங்கவேண்டிய பல்லெல்லாம் பிடுங்கியாயிற்று, இனி அவ ஆர், நாங்கள் ஆர் என்றார். நான் ஓம் ஓம் என்றேன். மயக்க மருந்து டொக்டருக்கு என்ன மெசேஜ் போடுவதென்று தெரியாமல், ஐயா சுகம் என்று மட்டும் போட்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும். அப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். என்ன என்று கேட்டேன். வலது பக்கம் மேல் பல் ஒன்று நாலைந்து நாளாக நோகிறது, டொக்டரிடம் ஒருக்காக் காட்டினால் நல்லம் என்றார். நான் காட்டச் சொல்லுமுன் தானே வாயைத் திறந்து காட்டினார். கைத்தொலைபேசியில் டோர்ச் அடித்துப் பார்த்தேன். அவர் வாயில் மிஞ்சியிருந்ததிலேயே அதுதான் நல்ல பல்.